அவர் நமக்காகச் சுமந்தது

2021-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் பெங்களூருவிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. தத்துவத்தில் முதுகலை பயின்ற நாள்களில் நான் குடியிருந்த தெருவின் மக்கள் அதை எழுதியிருந்தார்கள். அத்தெருவில் என் அறைக்கு அடுத்த வீட்டில் இருப்பவர் இந்தியப் படையின் முன்னாள் பாராசூட் வீரர். 1971-ஆம் ஆண்டுப் போர் முடிந்து ஐம்பது ஆண்டுகள் நிறைவதையொட்டி, டிசம்பர் 16 அன்று அவரைக் கௌரவிப்பதெனத் தெருவார் முடிவு செய்திருந்தனர். மாலை, சால்வை, மேடை எல்லாம் ஏற்பாடாகிவிட்டன. பாராட்டு மடல் ஒன்றுதான் குறை. அவருடன் நெருங்கிப் பழகியவன், மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் என்ற இரண்டு காரணங்களால் அதை நான் எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

எளிய வேலை என்று எண்ணி அன்றிரவே எழுதினேன். வீரம், தியாகம், தேசம் என்ற சொற்கள் அதில் நிறைந்திருந்தன. மறுநாள் காலையில் படித்துப் பார்த்தேன். எந்தப் படைவீரருக்கும் பொருந்தக்கூடிய மடலாக அது இருந்தது. நான் அறிந்த அந்த மனிதருக்கு மட்டும் பொருந்தவில்லை. கிழித்துப் போட்டேன். இரண்டாவது மடலுக்கும் அதே கதிதான்.

மொழி எனக்குத் தடையாக இருக்கவில்லை. விடை காணாத ஒரு கேள்வியே தடையாக நின்றது. ஒரு போர்வீரரைக் கௌரவிக்கும்போது நாம் எதைக் கௌரவிக்கிறோம்? அவருடைய துணிவையா, அவர் செய்த செயலையா, நம் நாட்டின் வெற்றியையா? கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றுகிறவர்கள், போர்க்களத்தில் ஆயுதம் ஏந்தி நின்றவரை மனச்சான்று உறுத்தாமல் வாழ்த்த முடியுமா? இக்கேள்வியை நான் இருபது ஆண்டுகளுக்கு முன்பே அவரிடம் கேட்டிருந்தேன். கேட்ட விதத்தை நினைத்தால் இன்றும் நாணம் மேலிடுகிறது.

வாயிலில் ஒரு பானை

2002-ஆம் ஆண்டு அது. பெல்காம் பக்கத்து மராத்தியரான அவர் சுபேதாராக ஓய்வு பெற்று, ஒரு வங்கியின் வாயிலில் காவலராக வேலை பார்த்து வந்தார். தெருவார் அவரைச் 'சுபேதார் சாப்' என்றழைத்தார்கள். நான் 'காகா' என்றேன். மராத்தியில் சிற்றப்பனுக்குரிய சொல் அது. அவர் வீட்டு வாயிலில் ஒரு மண்பானை எப்போதும் இருக்கும். கோடையானாலும் மழைக்காலமானாலும் விடியற்காலையில் அதைக் கழுவி, நல்ல நீர் நிரப்பி, மூடியின்மேல் ஒரு குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். போகிறவர் வருகிறவர் எல்லோரும் அதில் நீர் அருந்துவார்கள். கல்லூரியிலிருந்து திரும்பும்போது நானும் அருந்துவேன். எதற்காக அந்தப் பானை என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

அவ்வாண்டுச் சுதந்திர தினத்தன்று தெருவில் கொடியேற்றி அவருக்கு மாலை அணிவித்தார்கள். அப்போது ஒரு சிறுவன் உரக்கக் கேட்டான்: "தாத்தா, நீங்கள் எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" கூட்டம் சிரித்தது. சிலர் கைதட்டினார்கள். அவர் சிரிக்கவில்லை. சிறுவனின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, மாலையைக் கழற்றிக் கொடிமரத்தின் அடியில் வைத்தார். பிறகு வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று மாலை அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, புதிதாகப் படித்த தத்துவம் தந்த துணிச்சலில், நான் அரைகுறை இந்தியில் வாதிட்டேன். "காகா, ஓர் உயிரைப் பறிக்க மனிதனுக்கு யார் உரிமை தந்தார்கள்? அரசு ஆணையிட்டது என்பதால் கொலை அறமாகிவிடுமா? உங்களுக்கு மாலையிடுகிறவர்கள் போருக்குத்தானே மாலையிடுகிறார்கள்?"

அவர் கோபப்படவில்லை. நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "பேட்டா, இந்தக் கேள்வியை நீ இந்த ஆண்டு கேட்கிறாய். நான் முப்பத்தோரு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்." அதன் பின்னர்தான், அவரிடமிருந்து ஒரே ஒருமுறை, அந்தப் போரைப் பற்றிக் கேட்டேன்.

பாலமும் அதற்குப் பின்னும்

1971 டிசம்பர் 11 அன்று பிற்பகல், இரண்டாம் பாராசூட் பட்டாலியனைச் சேர்ந்த எழுநூறுக்கும் மேற்பட்ட வீரர்கள், லெப்டினன்ட் கர்னல் குல்வந்த் சிங் பன்னுவின் தலைமையில், இன்றைய வங்காளதேசத்தின் டாங்காயில் பகுதியில் வானிலிருந்து குதித்தார்கள். லோஹஜங் ஆற்றின் மீதுள்ள புங்லி பாலத்தைக் கைப்பற்றுவது அவர்களுக்கு இடப்பட்ட பணி. வடக்கே மைமன்சிங்கிலிருந்து டாக்காவை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டிருந்த பாகிஸ்தானியப் படைப்பிரிவு அவ்வழியாகத்தான் வந்தாக வேண்டும். அன்று மாலையே பாலம் அவர்கள் வசமானது. இரவில் பின்வாங்கும் படை வந்து மோதியது. பாலத்தை மீட்க முடியவில்லை, பலர் மாண்டனர். ஐந்து நாள்களுக்குப் பின், டிசம்பர் 16 அன்று, டாக்காவினுள் முதலில் நுழைந்த இந்தியப் படையினருள் இதே பட்டாலியன் இருந்தது. அன்று கிழக்கில் போர் முடிந்தது.

வரலாறு இவ்வளவு சொல்லும். காகா சொன்னது வேறு.

விமானத்தின் உட்கம்பியில் கொக்கியை மாட்டிக்கொண்டு வாயிலில் நின்ற கணத்தில் அவர் எண்ணியது எதிரியைப் பற்றியன்று. தம் முதுகிலிருந்த பாராசூட்டை யாரோ ஒருவர் எங்கோ ஒரு கூடத்தில் அமர்ந்து மடித்திருக்கிறார்; அவர் முகத்தைக்கூடத் தாம் கண்டதில்லை. அந்த மடிப்பில் பிழையிருந்தால் உயிர் இல்லை. "பெயர் தெரியாத அந்த மனிதரை நம்பித்தான் குதித்தேன்" என்றார்.

பாலத்தருகே இரவு முழுவதும் சண்டை. விடிந்தபோது நீர்க்குடுவை காலி. ஆறு கண்ணெதிரே ஓடியது. ஆனால் இடத்தைவிட்டு நகர அனுமதியில்லை. சில அடி தொலைவில் எதிரிப்படையின் இளைஞன் ஒருவன் இறந்து கிடந்தான். அவன் இடுப்பிலிருந்த குடுவையில் நீர் இருந்தது. "அதை எடுத்துக் குடித்தேன் பேட்டா. அவன் தனக்காக நிரப்பி வைத்திருந்த தண்ணீர். அவனைச் சுட்டது நானா, பக்கத்தில் இருந்தவனா என்று தெரியாது. அவன் தண்ணீரைக் குடித்தவன் நான் என்பது தெரியும்."

வாயிலில் இருந்த பானையை அப்போதுதான் நான் முதன்முறையாகப் பார்த்தேன்.

இன்னொன்றும் சொன்னார். டாக்காவில் சரணடைந்தவர்களைக் காக்கும் பணி அவருடைய குழுவுக்குக் கிடைத்தது. ஒன்பது மாதங்கள் சொல்லொணாக் கொடுமைகளைத் தாங்கியிருந்த நகர மக்கள் சினத்தோடு திரண்டு வந்தார்கள். அவர்கள் சினத்தில் நியாயம் இருந்தது. ஆயினும் சரணடைந்தவனைக் கூட்டத்திடம் விட்டுவிடலாகாது என்பது ஆணை. "நேற்றுவரை என்னைச் சுட்டவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என்னை வாழ்த்திய மக்களைப் பார்த்து நின்றேன். விமானத்திலிருந்து குதித்ததைவிட அது கடினமாக இருந்தது" என்றார்.

அப்போரில் ஏறத்தாழ 93,000 பேர் சிறைபிடிக்கப்பட்டார்கள். 1974-ஆம் ஆண்டுக்குள் அவர்கள் தம் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வள்ளுவர் 'படைச்செருக்கு' என்னும் அதிகாரத்தில், எதிர்த்து நிற்கும்போது காட்டும் அஞ்சாமையைப் பேராண்மை என்றும், அப்பகைவனுக்கு இடர் நேர்ந்தவிடத்து உதவுவதை அப்பேராண்மையின் கூர்மை என்றும் கூறுகிறார். கூர்மை இல்லாத வாள் வெறும் இரும்பு. காகா பாலத்தருகே காட்டியது வாளென்றால், டாக்கா வீதியில் முதுகைத் திருப்பி நின்றது அதன் கூர்மை. நம் மேடைகளில் முன்னதைப் பாடுகிறோம். பின்னதைப் பற்றிக் கேட்பதுகூட இல்லை.

மூன்று பிழைகள்

கௌரவிப்பதில் நாம் மூன்று விதமாகத் தவறுகிறோம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

முதலாவது, கௌரவத்தைக் கடன் தீர்ப்பதாகக் கருதுவது. ஆண்டுக்கொரு மாலை, ஒரு சால்வை, டிசம்பர் 7 கொடி நாளன்று உண்டியலில் ஒரு நாணயம். கணக்கு முடிந்தது என்று நிம்மதியாகத் திரும்புகிறோம். மறுநாள் அதே மனிதர் வங்கி வாயிலில் நின்றால் நம் கண்ணில் படுவதில்லை. விலை கொடுத்தவுடன் முடிந்துபோவது வாணிகம்.

இரண்டாவது, பிறருடைய வீரத்தை நம் செருக்குக்கு உணவாக்குவது. எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்டது சிறுவனின் குற்றமன்று. சிரித்துக் கைதட்டிய பெரியவர்கள் அவனுக்கு அக்கேள்வியைக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். ஆபத்தில் இல்லாதவர்களே போரைப் பற்றி அதிகம் மகிழ்கிறார்கள். அங்கே போற்றப்படுவது அந்த மனிதர் அல்லர். அவரைக் கண்ணாடியாக்கி நாம் நம்மையே பார்த்துக்கொள்கிறோம்.

மூன்றாவது நான் செய்தது. கொள்கைத் தூய்மையின் பெயரால் மரியாதையை மறுப்பது. இது முதலிரண்டையும்விட உயர்ந்ததாகத் தோன்றும். ஆகவே அவற்றைவிட ஆபத்தானது. கொல்லாமை நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் எல்லையில் ஒருவர் விழித்திருந்ததால் இரவில் அமைதியாக உறங்கி, அந்த உறக்கம் தந்த ஓய்வில் அகிம்சையைப் படித்து, விழித்திருந்தவரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அகிம்சையாகுமா? அச்செயலில் மாசு இருக்குமானால், அதனால் பயன் பெற்ற எனக்கு அதில் பங்கில்லையா?

போரைக் கௌரவிப்பதும் போர்வீரரைக் கௌரவிப்பதும் ஒன்றே என்று நான் மயங்கியிருந்தேன். அவை வேறு என்பதற்கு ஒரு சான்று போதும். 1941-இல் முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்த இந்தியர்களுள் ஒருவரான டாக்டர் ஏ.ஜி. ரங்கராஜ் ஒரு படை மருத்துவர். கொரியப் போரின்போது அவர் தலைமையில் இந்தியா அனுப்பிய 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு, 1950-ஆம் ஆண்டின் இறுதியில் பியோங்யாங் நகரிலிருந்து பின்வாங்க நேர்ந்தது. ஊர்திகள் இல்லை. மருந்துகளையும் கருவிகளையும் விட்டுச் செல்ல அவர்களுக்கு மனமில்லை. பழைய நீராவி எஞ்சின் ஒன்றையும் சில பெட்டிகளையும் தேடிப் பிடித்து, வாளி வாளியாக நீர் ஊற்றிக் கொதிகலனை நிரப்பி, தாமே ஓட்டிக்கொண்டு தெற்கே வந்து சேர்ந்தார்கள். 1951 மார்ச் 23 அன்று முன்சான் என்ற இடத்தில் அமெரிக்க வான்படைத் துருப்புகளோடு ரங்கராஜும் அவருடைய சிறு குழுவும் குதித்தார்கள். காயமுற்றவர்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்வதற்காகக் குதித்தார்கள். அவருக்கு மகாவீர் சக்கர விருது வழங்கப்பட்டது.

சுடச் சென்றவரும் காயத்துக்குக் கட்டுப் போடச் சென்றவரும் அதே வாயிலில் நின்று அதே வெற்றிடத்தில் அடியெடுத்து வைத்தார்கள். இருவருக்கும் பொதுவானது எதுவோ அதுவே நம் வணக்கத்துக்குரியது. முகமறியாத மனிதர்களுக்காகத் தன் உடலை முன்வைக்கும் இசைவு அது. கொலை அந்த இசைவின் உட்பொருள் அன்று; அதன்மேல் வந்து விழும் சுமை.

சுமை யாருடையது?

அப்படியானால் அந்தச் சுமை யாருடையது? கேள்வியின் நடுப்பகுதி இதுதான்.

கலிங்கப் போரை முடித்த அசோகர், தம் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில், அப்போரில் ஓர் இலட்சம் பேர் கொல்லப்பட்டதையும் ஒன்றரை இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டதையும் தாமே எழுதி வைத்து வருந்துகிறார். அக்கல்வெட்டில் அவர் தம் வீரர்களைப் பழிக்கவில்லை. தளபதிகளின் மேல் குற்றம் சாற்றவில்லை. போருக்கு அனுப்பியவர் தாம் என்பதால் துயரத்தையும் தம்முடையதாக ஏற்றுக்கொண்டார். வெற்றி பெற்ற மன்னர்கள் பலர் இருந்தார்கள்; வெற்றியின் சுமையை வீரன் தோளிலிருந்து இறக்கித் தன் தோளில் ஏற்றிக்கொண்ட மன்னர் அரிது.

குடியரசில் அசோகரின் இடத்தில் அமர்ந்திருப்பவர் யார்? நாம்தான். நம் பெயரால் ஆணை பிறக்கிறது. நம் பெயரால் ஒருவர் விமான வாயிலில் நிற்கிறார். நம் பெயரால் ஒரு குண்டு பாய்கிறது. வெற்றி நம்முடையது என்று கொண்டாடும் உரிமை நமக்கு இருக்குமானால், இறந்து கிடந்த இளைஞனின் நீர்க்குடுவையும் நம்முடையதே. காகா முப்பத்தோரு ஆண்டுகளாகத் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. தெருவார் அனைவரும் சேர்ந்து கேட்டிருக்க வேண்டியது. நாம் கைதட்டியபோது அதை அவரிடமே விட்டுவிட்டோம்; நான் வாதிட்டபோது அவர்மேல் திருப்பி எறிந்தேன்.

ஆகவே, கௌரவிப்பது என்றால் பங்கேற்பது. ஒருவர் நமக்காகச் சுமந்ததில் நம் பங்கை நாம் ஒப்புக்கொள்வது.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள் போலும். பெங்களூருவுக்குத் தெற்கே பேகூரில் நாகேசுவரர் கோயில் இருக்கிறது. அங்குள்ள ஏறத்தாழ கி.பி. 900-ஐச் சார்ந்த ஒரு கல்வெட்டில்தான் 'பெங்களூரு' என்ற ஊர்ப்பெயர் மிகப் பழைமையாகக் காணப்படுகிறது. அது பெங்களூருவில் நடந்த ஒரு போரில் மாண்டவரை நினைவுகூரும் கல். தமிழகத்திலும் கன்னட நாட்டிலும் காணப்படும் வீரக்கற்கள் பல, ஊரின் ஆநிரையைக் கள்வரிடமிருந்து மீட்கப் போராடி மாண்டவர்களுக்காக எழுப்பப்பட்டவை. யாருடைய மாடுகள் காக்கப்பட்டனவோ அவர்களே கல்லை நட்டார்கள். நாள்தோறும் அதைக் கடந்து நடந்தார்கள். இந்தப் பால் அவன் உயிர் கொடுத்து மீட்டது என்பதை மறக்க முடியாதபடி ஊரின் நடுவே அது நின்றது. புது தில்லியில் 2019-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தில் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மாண்டவர்க்குக் கல் உண்டு. மீண்டு வந்து நம் அடுத்த வீட்டில் வாழ்கிறவருக்கு? அவருக்கு அண்டை வீட்டாரே கல்; நம் நினைவே அதன் எழுத்து.

அண்டை வீட்டாரின் கடமை

தொலைவிலுள்ள வீரனை வணங்குவது எளிது; அவன் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. அடுத்த வீட்டு வீரருக்கு முழங்கால் வலி இருக்கும். மருந்துச் சீட்டு இருக்கும். ஓய்வூதிய அலுவலகத்தில் தேங்கிய ஒரு கோப்பு இருக்கும். பட்டாசு வெடித்தால் இரவு முழுதும் உறக்கம் வராது. அவருக்குச் செய்யும் மரியாதையும் அந்த அளவில்தான் தொடங்குகிறது. அவர் பேச விரும்பினால் குறுக்கிடாமல் கேட்பது ஒரு மரியாதை. பேச விரும்பாவிட்டால் அந்த மௌனத்தைத் துருவாமல் விடுவது அதனினும் பெரிய மரியாதை. அவர் இல்லாத காலத்தில் அவர் மனைவி தனியாக வளர்த்த குழந்தைகளை நினைப்பதும் அதில் அடங்கும். போருக்குப் போனவர் ஒருவரென்றால் காத்திருந்தவர் பலர்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. பெயர் தெரியாத ஒருவர் மடித்த பாராசூட்டை நம்பிக் காகா குதித்தார். அந்தப் பெயர் தெரியாதவர் தம் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார். ஆகவே காகா உயிரோடு இறங்கினார். ஒரு சமுதாயம் முழுவதும் இத்தகைய மடிப்புகளால் ஆனது. ஆசிரியரின் பாடம், எழுத்தரின் கோப்பு, தாதியின் ஊசி, ஓட்டுநரின் கவனம் என ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய உயிர் தொங்கும் மடிப்பு. நம் கையிலுள்ள மடிப்பைக் கவனமின்றி மடித்துவிட்டு வீரருக்கு மாலையிடுவதில் பொருளில்லை. காக்கப்பட்ட நாடு காக்கத் தகுந்ததாக இருக்கிறதா என்பதற்கு நாம்தான் பொறுப்பு.

இவ்வளவும் தெளிந்த பிறகு மூன்றாவது மடலை எழுதினேன். அது மிகச் சிறியது. 'நீங்கள் செய்ததை எங்களுக்காகச் செய்தீர்கள். அதன் பெருமையை இதுவரை பகிர்ந்துகொண்டோம். அதன் பாரத்தைப் பகிரவில்லை. இனி அதையும் எங்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள்.' இவ்வளவுதான். அதனோடு தெருவாருக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்து, பானையின் கதையைச் சொல்லலாமா என்று காகாவிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும் சொல்லுங்கள் என்று எழுதினேன். அவர் சம்மதித்தார்.

விழா எப்படி நடந்தது என்று பின்னர் எனக்கு எழுதினார்கள். அவ்வாண்டு யாரும் அவரிடம் எண்ணிக்கை கேட்கவில்லை. மடலைப் படித்து முடித்தபோது சற்று நேரம் எவரும் கைதட்டவில்லையாம். அவர் எழுந்து நின்று, கூடியிருந்தவர்களை நோக்கிக் கைகூப்பினாராம். முதுமையினால் அவரால் இப்போது குடம் தூக்க முடிவதில்லை என்பதை அன்றுதான் தெருவார் கவனித்திருக்கிறார்கள். மறுநாள் முதல், ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டார் என்று முறை வைத்துக்கொண்டு, விடியற்காலையில் அந்தப் பானையைக் கழுவி நீர் நிரப்பி வருகிறார்கள்.

நம் ஒவ்வொருவரின் தெருவிலும், அல்லது அடுத்த தெருவிலும், இப்படி ஒருவர் இருக்கக்கூடும். அவரைத் தேடிச் செல்வோம். மாலை கொண்டு செல்வதில் தவறில்லை. ஆனால் அவர் வாயிலில் நிரப்பப்படாமல் இருக்கும் பானை எது என்று பார்த்துவிட்டு வருவோம்.